பளு தூக்கத் தொடங்கும் பெண்களுக்கு: ஜிம் கூச்சத்தைத் தாண்ட ஒரு முழு வழிகாட்டி

ஜிம்மில் புதிதாகச் சேரும் பெண்களில் பலர் ஒரே இடத்தில்தான் தேங்கி நிற்கிறார்கள். வந்ததும் டிரெட்மில், பிறகு சைக்கிள், கடைசியில் பாயில் கொஞ்சம் வயிற்றுப் பயிற்சி. அப்புறம் வீடு. டம்பெல் அடுக்கியிருக்கும் ரேக்கும், இரண்டு முனையிலும் எடைத் தட்டு மாட்டித் தூக்கும் நீளமான ராடும் இருக்கும் பக்கம் ஆண்கள் கூட்டமாக நிற்பதால் அந்தப் பக்கம் போவதே இல்லை. இரண்டு மாதத்தில் அலுத்துப்போய் நின்றுவிடுகிறார்கள்.

எங்கள் பகுதி ஜிம்மில் புதியவர்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்ததில் எனக்குப் பட்டது இதுதான்: இது தைரியம் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. அடுத்து எங்கே போக வேண்டும், எதை எடுக்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரியாததுதான் கூச்சமாக மாறுகிறது. ஆகவே தெரியாதவற்றை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான். நடுவில் எதையும் தாண்டிப் போகாதீர்கள்.

1. பணம் கட்டும் முன், நீங்கள் போகப்போகும் நேரத்திலேயே போய்ப் பாருங்கள்

மதியம் 3 மணிக்குப் போய்ப் பார்த்தால் எந்த ஜிம்மும் அமைதியாகத்தான் இருக்கும். மாலை 7 மணிக்குத்தான் உங்களால் வர முடியும் என்றால் மாலை 7 மணிக்கே போய்ப் பாருங்கள். அந்த நேரத்தில் வேறு பெண்கள் இருக்கிறார்களா, அவர்கள் எடை தூக்குகிறார்களா அல்லது டிரெட்மில்லில் மட்டும் நிற்கிறார்களா என்று கவனியுங்கள். ராடு பக்கம் ஒரே ஒரு பெண் இருந்தாலும் அது நல்ல அடையாளம். அங்கே அது பழகிப்போன காட்சி என்று அர்த்தம்.

கழிப்பறையையும் உடை மாற்றும் அறையையும் உள்ளே போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் விழுகிறதா, கதவில் கொக்கி இருக்கிறதா என்பதெல்லாம் பிறகு பெரிய விஷயமாகிவிடும். மாதவிடாய் நாட்களில் வருவதா வேண்டாமா என்பதை அந்த அறைதான் முடிவு செய்யும்.

லேடீஸ் டைமிங் உள்ள ஜிம் என்றால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த நேரத்தில் எல்லா மெஷினும் ராடும் திறந்திருக்குமா? சில இடங்களில் லேடீஸ் டைமிங் என்றால் ஏரோபிக்ஸ் கூடம் மட்டும்தான். எடைப் பகுதியில் விளக்கைக்கூடப் போட மாட்டார்கள்.

முதலிலேயே ஒரு வருடச் சந்தா வேண்டாம். ஆஃபர் இன்றோடு முடிகிறது என்பார்கள், அடுத்த மாதமும் அதே ஆஃபர் வரும். ஒரு மாதமோ மூன்று மாதமோ கட்டுங்கள். இடம் ஒத்துவரவில்லை என்றால் மாறிக்கொள்ளலாம் என்பதே மனதுக்குப் பெரிய நிம்மதி.

2. ரத்தத்தில் ஹீமோகுளோபினும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள்

இதைப் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டிலும் அப்படித்தான். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்று கணக்கு.

இதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரத்தசோகை இருந்தால் இரண்டாவது செட்டிலேயே, அதாவது ஒரு பயிற்சியின் இரண்டாவது சுற்றிலேயே, மூச்சு வாங்கும், கண் இருட்டும். 'எனக்கு இதெல்லாம் ஒத்துவராது' என்று முடிவு கட்டிவிடுவார்கள். மருத்துவர் சொன்னபடி மருந்து எடுத்து அது சரியானதும் அதே பெண் நன்றாகத் தூக்குவாள்.

பிரசவம் ஆகிச் சில மாதங்களே ஆனவர்கள், சிசேரியன் செய்தவர்கள், மூட்டிலோ முதுகிலோ பழைய தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். இருமும்போதோ எடை தூக்கும்போதோ சிறுநீர் கசிந்தால் வெட்கப்பட்டு ஜிம்மை விட்டுவிடாதீர்கள். இடுப்புத்தளத் தசைக்கென்று பயிற்சி உண்டு, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார். பலருக்கும் நல்ல பலன் கிடைக்கும்.

3. உடை, நகை, முடி

புது லெக்கிங்ஸ் வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தொளதொள டி-ஷர்ட்டும் டிராக் பேண்டும் போதும். முழுக்கை போட்டால்தான் நிம்மதி என்றால் முழுக்கையே போடுங்கள். உடையை அடிக்கடி இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தால் கவனம் முழுக்க அதிலேயே போய்விடும். வீட்டில் கண்ணாடி முன் நின்று குனிந்து, உட்கார்ந்து, கையை மேலே தூக்கிப் பாருங்கள். மூன்றிலும் ஏறாமல் இறங்காமல் இருந்தால் அந்த உடை சரி. காசு செலவழிக்க வேண்டிய ஒரே பொருள் நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா.

துப்பட்டா மட்டும் வேண்டாம். கேபிள் மெஷினிலும் டிரெட்மில்லிலும் அது சிக்கினால் கழுத்துக்கு ஆபத்து. ஹிஜாப் அணிபவர்கள் குண்டூசி இல்லாத வகையைப் போடுங்கள். பெஞ்சில் படுக்கும்போது ஊசி குத்தும்.

மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். ராடுக்கும் மோதிரத்துக்கும் நடுவில் தோல் மாட்டிப் பிய்யும். கண்ணாடி வளையல் கூடவே கூடாது. தாலிச் சங்கிலியைக் கழற்ற விருப்பமில்லை என்றால் டி-ஷர்ட்டுக்குள் விட்டு ஸ்போர்ட்ஸ் பிராவுக்குள் செருகிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் குனிந்து செய்யும் பயிற்சிகளில் வெளியே தொங்கி ராடில் மாட்டும். பின்னலை அப்படியே விட்டால் பெஞ்சுக்கும் முதுகுக்கும் நடுவில் இழுபடும். பின்மண்டையில் கொண்டை போட்டாலோ தலை பெஞ்சில் பதியாது. உச்சியில் முடிந்துகொள்வதுதான் வசதி.

ஷூ மெத்து மெத்தென்று இருக்கக் கூடாது. ஓடுவதற்கான தடித்த ஸ்பாஞ்ச் அடிப்பாகம் எடையோடு நிற்கும்போது அமுங்கி ஆடும். தட்டையான கேன்வாஸ் ஷூ போதும்.

4. திட்டத்தைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். கையில் தாளோடு வரும் பெண் ஒரு வேலை முடிந்ததும் அடுத்ததை நோக்கி நடக்கிறாள். தாள் இல்லாமல் வருபவள் நடுக்கூடத்தில் நின்று சுற்றிலும் பார்க்கிறாள். அந்த நிமிடத்தில்தான் எல்லோரும் தன்னையே பார்ப்பதுபோல் தோன்றும். போனில் எழுதினால் வாட்ஸாப்பில் போய் முடியும், அதனால் தாள்தான் நல்லது.

வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். தொடக்கத்துக்கு ஐந்து பயிற்சிகள் போதும்: லெக் பிரஸ் (காலால் பலகையைத் தள்ளுவது), லாட் புல்டவுன் (தலைக்கு மேலிருக்கும் கம்பியைக் கீழே இழுப்பது), செஸ்ட் பிரஸ் மெஷின் (கைப்பிடியை நெஞ்சிலிருந்து முன்னால் தள்ளுவது), சீட்டட் ரோ (உட்கார்ந்தபடி கைப்பிடியை உடம்பை நோக்கி இழுப்பது), பிளாங்க் (முன்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது). பிளாங்க் தவிர ஒவ்வொன்றிலும் 10 கவுண்ட் (10 முறை), 2 செட். செட்டுக்கு நடுவில் ஒன்றரை நிமிட ஓய்வு. பிளாங்க் 20 விநாடி. முன்னால் ஐந்து நிமிடம் வேக நடை. எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஒரு நாளைக்குக் கை, ஒரு நாளைக்குக் கால் என்று பிரிப்பது இப்போது வேண்டாம். முழு உடம்பையும் வாரம் மூன்று முறை செய்தால் ஒவ்வொரு அசைவும் மூன்று முறை பழகும். பழக்கம் வந்தால் கூச்சம் தானாகக் குறையும்.

திங்கள் மாலையை முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். வாரத்தின் முதல் நாள் என்று பாதிப் பேர் நெஞ்சுக்கான பயிற்சிக்கு வருவார்கள், ஒரு பெஞ்ச்கூடக் காலியாக இருக்காது.

5. முதல் இரண்டு வாரம் மெஷின்கள் மட்டும்

மெஷின் வழியைக் காட்டும், தவறாகத் தூக்கினாலும் எடை மேலே விழாது. அதனால்தான் முதலில் இது. உட்காருவதற்கு முன்னால் மூன்றைப் பாருங்கள்: இருக்கையின் உயரம், தொடை அல்லது முதுகுத் தாங்கி, எடை அடுக்கில் செருகும் பின்.

பின் முழுவதும் உள்ளே போக வேண்டும். பாதி செருகினால் நடுவில் நழுவி எடை 'டமார்' என்று விழும். அப்போதுதான் ஜிம்மே திரும்பிப் பார்க்கும்.

லாட் புல்டவுனில் தொடை மேல் அழுத்தும் மெத்தையை முதலில் உங்கள் உயரத்துக்கு இறக்குங்கள். பெரும்பாலும் உயரமான ஒருவர் வைத்துவிட்டுப் போன அளவில் இருக்கும். அப்படியே இழுத்தால் உடம்பு மேலே தூக்கிக்கொண்டு போகும். செஸ்ட் பிரஸில் கைப்பிடி நடு மார்புக்கு நேராக வரும்படி இருக்கையை ஏற்றுங்கள். கைப்பிடி தோளுக்கு மேலே இருந்தால் தோள்பட்டை வலிக்கும்.

லெக் பிரஸில் கவனம் அதிகம் தேவை. உட்கார்ந்ததும் முதல் வேலை, பலகையை நிறுத்தும் கொக்கியைக் கையால் திறந்து மூடிப் பழகுவது. சாய்வான மெஷினில் வெறும் பலகையே கனமாக இருக்கும், முதல் நாள் தட்டு எதுவும் போடாமல் செய்யுங்கள். முழங்காலை முழுவதும் நீட்டிப் பூட்டக் கூடாது. பாரம் மொத்தமும் மூட்டில் போய் உட்காரும்.

எவ்வளவு எடை என்று கேட்பார்கள். 10 கவுண்ட் முடிந்ததும் 'இன்னும் இரண்டு மூன்று செய்திருக்கலாம்' என்று தோன்றினால் அதுதான் உங்கள் எடை. முகம் கோணினால் அதிகம், பேசிக்கொண்டே செய்ய முடிந்தால் குறைவு. எந்தத் துளையில் இருக்கை, எத்தனையாவது எடையில் பின் என்பதையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நேராக வந்து மாட்டிக்கொண்டு ஆரம்பித்துவிடலாம்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் உடம்பு வலிக்கும். படியிறங்கும்போது தொடை பிடிக்கும். இது தசை வலி, இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டில் சுருக்கென்ற வலி, நெஞ்சில் அழுத்தம், மயக்கம், இதெல்லாம் வேறு. உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

6. மூன்றாவது வாரம்: டம்பெல் பக்கம் போவது

எல்லோரும் தயங்கி நிற்பது இங்கேதான். நேராக ரேக் முன்னால் போய் நின்று, அங்கேயே எடுத்து, அங்கேயே செய்யத் தொடங்கிவிடுவார்கள். பின்னால் நான்கு பேர் டம்பெல் எடுக்கக் காத்திருப்பார்கள், அவர்கள் பார்வை உறுத்தும். எடுத்ததும் இரண்டு மூன்று எட்டு பின்னால் வந்து, கண்ணாடி ஓரமாக ஓர் இடம் பிடித்து அங்கே செய்யுங்கள். முடிந்ததும் எந்த இடத்தில் எடுத்தீர்களோ அங்கேயே வையுங்கள். ஜிம்மில் மரியாதையைக் கொண்டுவருவது தூக்கும் எடை அல்ல, திருப்பி வைக்கும் பழக்கம்தான்.

இப்போது திட்டத்தில் இரண்டை மாற்றுங்கள். லெக் பிரஸுக்குப் பதில் கோப்லெட் ஸ்குவாட்: ஒரு டம்பெலை நெஞ்சோடு நிறுத்திப் பிடித்து உட்கார்ந்து எழுவது. செஸ்ட் பிரஸுக்குப் பதில் டம்பெல் பெஞ்ச் பிரஸ்: பெஞ்சில் மல்லாந்து படுத்து டம்பெல்களை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது. அதோடு புதிதாக ரொமேனியன் டெட்லிஃப்ட்: இரண்டு கையிலும் டம்பெலோடு முழங்காலை லேசாக மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிவது. பின்தொடை இழுபடுவது தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். கீழ்முதுகு மட்டும் இழுத்தால் முதுகு வளைந்திருக்கிறது.

மாஸ்டர் உங்கள் கையில் 1 கிலோ வண்ண டம்பெலைக் கொடுக்கலாம். 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்கும் கைக்கு அது வேலையே இல்லை. கோப்லெட் ஸ்குவாட்டுக்கு 5 கிலோவில் ஆரம்பித்து, எளிதாக இருந்தால் அன்றே 7.5க்குப் போகலாம்.

'அதிகம் தூக்கினால் உடம்பு ஆம்பளை மாதிரி ஆகிவிடும்' என்பார்கள். ஆகாது. பெரிய தசை கட்ட உதவும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு குறைவு. டோக்கியோ ஒலிம்பிக்கில் பளு தூக்குதலில் வெள்ளி வென்ற மீராபாய் சானு கிளீன் அண்ட் ஜெர்க்கில், அதாவது ராடைத் தோளுக்குக் கொண்டுவந்து பிறகு தலைக்கு மேலே தூக்கும் முறையில், 115 கிலோ தூக்கினார். அவர் போட்டியிட்டது 49 கிலோ பிரிவில்.

7. வாய் திறந்து கேட்க வேண்டிய நான்கு இடங்கள்

என்ன சொல்வது என்று தெரியாமலே பலர் பெஞ்சை விட்டுக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். வார்த்தைகளை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷினில் யாராவது இருந்தால்: "அண்ணா, இன்னும் எத்தனை செட் இருக்கு?" மூன்று என்றால் தாளில் அடுத்ததைச் செய்துவிட்டு வாருங்கள்.

அவர் நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தால்: "நீங்க ரெஸ்ட் எடுக்கிறப்ப நடுவுல நான் ஒரு செட் போட்டுக்கட்டுமா?" இது ஜிம்மில் எல்லோரும் கேட்பதுதான். மறுப்பவர்கள் மிகக் குறைவு.

கேட்காமலே யாராவது பாடம் எடுத்தால்: "மாஸ்டர் இந்தத் திட்டம் கொடுத்திருக்கார், இதை முடிச்சுக்கிறேன்." விளக்கம் கொடுக்க வேண்டாம், திரும்பி வேலையைப் பாருங்கள். ஆனால் 'பின் சரியா மாட்டலை', 'லாக் போடலை' என்று யாராவது சொன்னால் நின்று சரிசெய்யுங்கள். அது பாதுகாப்பு.

மாஸ்டர் கை வைத்துத் திருத்த வந்தால்: "தொடாம சொல்லுங்க மாஸ்டர், நான் புரிஞ்சுக்கிறேன்." நல்ல மாஸ்டர் உடனே இரண்டடி பின்னால் போய்த் தானே செய்து காட்டுவார். மறுபடியும் கை வைத்தால் அவரிடம் கற்க வேண்டாம், உரிமையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

8. இரண்டாவது மாதம்: ராடு

ராடின் எடையைக் கேட்காமல் தொடாதீர்கள். ஒலிம்பிக் ராடு 20 கிலோ, பெண்களுக்கானது 15 கிலோ. ஊர் ஜிம்களில் இருக்கும் மெல்லிய ராடுகள் இதைவிட லேசானவை, ஒவ்வொன்றும் ஒரு கணக்கு. தெரியவில்லை என்றால் எடை பார்க்கும் மெஷினில் ராடோடு ஏறி, பிறகு ராடு இல்லாமல் ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஸ்குவாட் ரேக்கில் கொக்கியின் உயரம் நடு நெஞ்சுக்கு இருக்க வேண்டும். முன்னால் செய்தவரின் உயரத்திலேயே விட்டுவிட்டு நுனிக்காலில் எம்பி ராடை எடுப்பதைப் புதியவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எடுக்கும்போது சமாளித்துவிடலாம், களைத்துப்போய்த் திரும்ப வைக்கும்போது கொக்கிக்கு எட்டாது. பக்கவாட்டுப் பாதுகாப்புக் கம்பிகளையும் நீங்கள் முழுவதும் உட்காரும் ஆழத்துக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். எழ முடியாவிட்டால் ராடு அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கம்பி இருக்கிறது என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

ரேக்கில் இருக்கும் ராடிலிருந்து தட்டுகளைக் கழற்றும்போது இரண்டு பக்கமும் மாறி மாறிக் கழற்றுங்கள். ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துவிட்டால் மறுபக்கக் கனத்தில் ராடு கவிழ்ந்து பறக்கும். பக்கத்தில் நிற்பவரின் முகத்தில் அடிக்கும்.

தரையில் இருக்கும் ராடை எடுத்து நிமிரும் டெட்லிஃப்டில் பெண்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. போட்டிகளில் போடும் பெரிய தட்டின் விட்டம் 45 செ.மீ., அதனால் ராடு தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். நீங்கள் 5 கிலோ இரும்புத் தட்டு போட்டால் அது சிறியது, ராடு தரையோடு கிடக்கும். அதை எடுக்க முதுகை வளைத்தே ஆக வேண்டும். 'உங்களுக்கு டெட்லிஃப்ட் வராது' என்று சொல்லிவிடுவார்கள். இரண்டு பக்கமும் தட்டுகளையோ ஏரோபிக்ஸ் படியையோ அடுக்கி அதன்மேல் ராடை வையுங்கள். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் வந்தால் போதும்.

பெஞ்ச் பிரஸைக் கடைசியாகக் கற்றுக்கொள்ளுங்கள். ராடு நெஞ்சின்மேல் நின்றுவிடும் ஒரே பயிற்சி இதுதான். துணைக்கு ஆள் வேண்டும்: "கடைசி ரெண்டு கவுண்டுக்குக் கை கொடுங்க, நான் சொன்னா மட்டும் பிடிங்க." தலைமாட்டில் ஓர் ஆண் நிற்பது சங்கடமாக இருந்தால் பாதுகாப்புக் கம்பியுள்ள ரேக்குக்குள் பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் இல்லையென்றால் டம்பெலிலேயே தொடருங்கள், எந்த நஷ்டமும் இல்லை.

9. எடையைக் கூட்டுவது

செட்டை மூன்றாக்குங்கள். மூன்றிலும் 12 கவுண்ட் சிரமமில்லாமல் வந்ததும் அடுத்த எடைக்குப் போய்த் திரும்ப 8 கவுண்டிலிருந்து தொடங்குங்கள். காலுக்கு ஒரே தடவையில் 5 கிலோகூட ஏற்றலாம். தோளுக்கும் கைக்கும் அது அதிகம். 1.25 கிலோ தட்டு ஜிம்மில் இருக்கிறதா என்று கேளுங்கள், எங்கேயாவது மூலையில் கிடக்கும்.

மாதவிடாய் நாட்களில் தூக்கலாம். முதல் நாள் சோர்வாக இருந்தால் எடையைக் குறைத்துச் செய்யுங்கள், அதைப் பின்னடைவு என்று எழுதாதீர்கள். சாப்பாட்டில் முட்டை, சுண்டல், பருப்பு, தயிர், மீன் என்று ஒவ்வொரு வேளையும் புரதம் ஏதாவது இருக்கட்டும். பவுடர் டப்பா வாங்கச் சொல்லி வற்புறுத்தினால் முதல் மூன்று மாதத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

10. பார்வையும் கேமராவும்

ஜிம்மில் செட்டுக்கு நடுவில் எல்லோரும் எங்கேயாவது வெறித்துப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். பெரும்பாலும் அது களைப்பு, உங்களைப் பற்றியது அல்ல. ஆனால் ஒருவர் நீங்கள் இடம் மாறும்போதெல்லாம் இடம் மாறினால், பேசவேண்டாம் என்ற பிறகும் பேசினால், போனை உங்கள் பக்கம் திருப்பினால், அதைக் கூச்சம் என்று எண்ணி விழுங்க வேண்டாம். நாள், நேரம் குறித்து உரிமையாளரிடம் சொல்லுங்கள், கேமரா பதிவைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் 'கண்டுக்காதீங்க மேடம்' என்றால் மீதிப் பணத்தைக் கேட்டுவிட்டு வேறு ஜிம் பாருங்கள். தொல்லை தொடர்ந்தால் 181 பெண்கள் உதவி எண் இருக்கிறது.

11. நடுவில் விட்டுப்போனால்

பிள்ளைகளின் பரீட்சை, கல்யாணம், காய்ச்சல் என்று இரண்டு மூன்று வாரம் போகாமல் போகும். எல்லோருக்கும் நடப்பதுதான். திரும்ப வரும் நாளில் பழைய எடையையே எடுக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, 2 செட் மட்டும் செய்யுங்கள். இரண்டு வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடலாம், முதலில் அங்கே போக எடுத்த காலம் இப்போது ஆகாது. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டால் மெஷின்களிலிருந்து ஆரம்பித்து அடுத்த வாரம் டம்பெலுக்கு வாருங்கள். பழைய தாளைத் தூக்கிப்போட்டிருக்க மாட்டீர்கள் அல்லவா, இருக்கைத் துளை முதற்கொண்டு எல்லாம் அதிலேயே இருக்கும்.